தண்ணீரை இறைக்கலாம், புல்லை? நமீபியாவின் வறட்சியும் வேட்டையும்

பம்புக்காரன்

வணக்கம் மக்களே. போன வாரம் அரட்டைப் பகுதியில் "காசு கொடுத்தால் யானையைச் சுட விடும் நாடு" என்று நமீபியாவைப் பற்றி ஒரு படம் சுற்றியது. நான் நாலு வரி பதில் போட்டேன். அதற்கு எனக்குக் கிடைத்த திட்டைப் பார்த்துவிட்டு, தனி இழையாகவே எழுதிவிடுங்கள் என்றார் நடத்துநர். சரி, எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்காவின் தென்மேற்கில் இருக்கும் இந்த நமீபியாவில் எனக்கு இது ஏழாவது வருடம். பண்ணைகளில் போர்வெல்லுக்குச் சோலார் பம்ப் மாட்டுவது, பழைய காற்றாடி பம்புகளைக் கழற்றுவது, இதுதான் பிழைப்பு. துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனால் என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வேட்டைப் பண்ணைக்காரர்கள். மதியச் சாப்பாடு அவர்கள் கொட்டகையில்தான்.

தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்கு நிலம், அதில் 30 லட்சம் சனம். மேற்கே கடலில் பெங்குவேலா என்ற குளிர் நீரோட்டம் ஓடுகிறது. அது மேலிருக்கும் காற்றைக் குளிர வைத்துவிடுவதால் மேகம் எழும்பாது, மூடுபனிதான் வரும். கடற்கரையில் வருடத்துக்கு 20 மில்லிமீட்டர்கூடத் தேறாத இடங்கள் உண்டு. வடகிழக்கு மூலையில் 600 வரை பெய்யும். நான் அதிகம் சுற்றும் அவுட்ஜோ, கமன்ஜாப் பக்கம் நல்ல வருடத்தில் 300, 350. ஆனால் நல்ல வருடம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

இங்கே காட்டு விலங்கு ஒரு காலத்தில் அரசாங்கச் சொத்து. பண்ணைக்காரனுக்கு குடூ மான் என்றால் தன் மாட்டுத் தீவனத்தில் வாய் வைக்கும் திருடன், அவ்வளவுதான். 1960களின் கடைசியில் தொடங்கி 1975 சட்டத்தில் உறுதியான மாற்றம், வேலி போட்ட நிலத்துக்காரனுக்குத் தன் நிலத்து விலங்கின் மேல் நிபந்தனையோடு உரிமை கொடுத்தது. சுடலாம், விற்கலாம், வேட்டைக்கு ஆள் கூட்டி வரலாம். அன்றைக்கு அது வெள்ளைக்காரப் பண்ணைகளுக்கு மட்டும். விடுதலைக்குப் பிறகு, 1996-இல், பொது நிலத்தில் வாழும் ஊர்களுக்கும் கிட்டத்தட்ட அதே உரிமை வந்தது. ஊர்க்காரர்கள் எல்லை வரைந்து, குழு அமைத்து, பதிவு செய்துகொண்டால் அது ஒரு "கன்சர்வன்சி". 1998-இல் முதல் நான்கு. இன்று 86. நாட்டின் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

வேட்டைப் பருவம் பிப்ரவரி 1 முதல் நவம்பர் 30 வரை. இரவில் கூடாது. வெளிநாட்டுக்காரர் தனியாகச் சுட முடியாது, பதிவு பெற்ற வழிகாட்டி கூட இருக்க வேண்டும். கொம்பும் தோலும் அவர் ஊருக்குப் போகும். இறைச்சி இங்கேயே தங்கிவிடும்.

இனி நான் சொல்ல வந்தது. 2019 வறட்சி. மே மாதம் அரசு நெருக்கடி நிலையே அறிவித்துவிட்டது. அவுட்ஜோவுக்கு மேற்கே ஒரு கிழவர், எட்டாயிரம் ஹெக்டேர்க்காரர், மூன்றாவது தொட்டிக்குத் தண்ணீர் வரவில்லை என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் பம்ப் நன்றாக ஓடுகிறது. மிதவை வால்வில் ஒரு செத்த புறா சிக்கியிருந்தது. எடுத்துப் போட்டதும் தொட்டி நிரம்பத் தொடங்கியது. தொட்டியிலிருந்து முப்பது அடி தள்ளி ஒரு ஒரிக்ஸ் மான் செத்துக் கிடந்தது. நான் தாகத்தில் செத்தது என்றேன். கிழவர் ஒன்றும் சொல்லாமல் கத்தியை எடுத்து வயிற்றைக் கீறிக் காட்டினார். வயிறு நிறைய இருந்தது, அத்தனையும் சுள்ளி. விரல் நீளத்துக்கு, மென்ற சுள்ளி. சுற்றி இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு புல் கிடையாது. "தண்ணீர் இருந்ததால் இங்கேயே நின்றன, நின்றதால் புல்லைத் தின்று தீர்த்தன. உன் பம்ப் நல்ல பம்ப்" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு இந்த விவாதம் வேறு மாதிரி தெரிகிறது. யார் சுடுகிறான், எதற்குச் சுடுகிறான் என்பதற்கு முன்னால், இந்த நிலம் இந்த வருடம் எத்தனை வாய்க்குச் சோறு போடும் என்ற கேள்வி நிற்கிறது. அதை முடிவு செய்வது மழை.

நிலாமதி

நன்றாக எழுதியிருக்கிறீர்கள், படிக்க இனித்தது. ஆனால் கதையின் நடுவே ஒரு தாவல் இருக்கிறது அண்ணா. புல் இல்லை, அதனால் விலங்கைக் குறைக்க வேண்டும் என்கிறீர்கள். சரி. அதைக் குறைக்க ஏன் டெக்சாஸிலிருந்து ஒரு பல் டாக்டர் வர வேண்டும்? அவர் சுடுவது மெலிந்த கிழட்டு மானையா? கொம்பு நீளமான, நல்ல ஆணைத்தானே? இயற்கை கழித்துவிடுவது ஒன்று, இவர்கள் பொறுக்கி எடுப்பது வேறொன்று. இதற்கு வறட்சியைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

கேள்விக்குறி

ஒரிக்ஸ் பாலைவன விலங்குதானே? அதுவே சாகுமா?

பம்புக்காரன்

கேள்விக்குறி: சாகும் தம்பி. ஒரிக்ஸின் உடம்புச் சூடு 45 டிகிரி வரை ஏறினாலும் தாங்கும். வியர்வையில் நீரை வீணாக்காமல் சூட்டைத் தேக்கிவைத்து இரவில் விட்டுவிடும். மூளைக்குப் போகும் ரத்தத்தை வழியிலேயே குளிரவைக்கும் ரத்தக்குழாய் வலை ஒன்று உண்டு. காட்டுத் தர்பூசணியில் நீர் எடுத்துக்கொள்ளும், அதை இங்கே சாமா என்பார்கள். இத்தனை இருந்தும் தின்ன வேண்டும் அல்லவா? அந்தக் காலத்தில் இங்கே மழை இல்லாவிட்டால் மழை பெய்த திசைக்கு நடந்துவிடும். இப்போது நடுவே வேலி.

நிலாமதிக்கு: நியாயமான கேள்வி, ஓரளவு ஒத்துக்கொள்கிறேன். கொம்பையும் தோலையும் நினைவுப் பரிசாக எடுத்துப்போகச் சுடுவது கோப்பை வேட்டை, அது எண்ணிக்கையைக் குறைக்காது. ஒரு பண்ணையில் வருடத்துக்குப் பத்து, இருபது ஆண் விலங்கு. அது கணக்கிலேயே வராது. அதன் வேலை காசு கொண்டுவருவது. எண்ணிக்கையைக் குறைப்பது இறைச்சிக்காகச் சுடும் அறுவடை, அதை இந்த ஊர்க்காரர்களே செய்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், துப்பாக்கி ஒன்றுதானே.

காசு எதற்கு என்றால், அந்தக் கிழவரின் நிலத்தில் ஒரு மாட்டுக்கு 15 ஹெக்டேருக்குக் குறையாமல் வேண்டும். மாடா, குடூவா என்று வருடா வருடம் அவர் மனத்துக்குள் ஒரு பட்டிமன்றம் நடக்கிறது. குடூவுக்கு விலை இல்லாத நாளில் மாடு ஜெயிக்கும். பிறகு வேலி, பிறகு குடூவின் பாடு அவ்வளவுதான்.

வனத்துறை சுந்தரம்

முப்பத்திரண்டு வருடம் காட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் கருத்தையும் போட்டுவிடுகிறேன்.

நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது நான் பள்ளிக்கூடம். அதற்கு முன் நடந்த வேட்டையைப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எதை மிச்சம் வைத்தார்கள்? இன்றைய சத்தீஸ்கரில் இருந்த கொரியா சமஸ்தான ராஜா 1947-இல் மூன்று சிவிங்கிப்புலியை, அதாவது சீட்டாவை, சுட்டார், 1952-இல் இனமே இல்லை என்று அரசு அறிவித்தது. ஆக, காசு கொடுத்துச் சுட்டால் இனம் பிழைக்கும் என்பது எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. பம்புக்காரன் தம்பி பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. கிழவருக்கும் சமஸ்தானத்துக்கும் என்ன வித்தியாசம் என்பதைத்தான் கேட்கிறேன்.

பம்புக்காரன்

ஐயா, சமஸ்தானத்துக்குக் கணக்குப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. இங்கே கணக்குத்தான் எல்லாம். வடமேற்கு கன்சர்வன்சிகளில் 2001 முதல் வருடந்தோறும் ஊர்க் காவலர்களும் அமைச்சகத்து ஆட்களும் பக்கி வண்டியின் பின்னால் நின்றுகொண்டு, குறித்த பாதையில் போய், எண்ணுகிறார்கள். (பக்கி என்றால் நம் ஊர் பிக்கப்.) அதை வைத்துத்தான் அமைச்சகம் கோட்டா போடும். அந்த எண்ணிக்கை குத்துமதிப்புத்தான், ஆனால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டிவிடும்.

நீங்கள் கேட்டதற்கு இன்னொரு பாதியும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் வடமேற்கே குனேனே பக்கம் பெரும் வறட்சி, அதோடு வரைமுறையற்ற கள்ளவேட்டை. காண்டாமிருகமும் யானையும் கடைசி நிலைக்கு வந்துவிட்டன. அப்போது கார்த் ஓவன்-ஸ்மித் என்பவர், ஊர்த் தலைவர்களிடம் போய், நீங்களே ஆள் நியமியுங்கள், கள்ளவேட்டைக்காரனைப் பிடிக்க வேண்டாம், காட்டில் என்ன நடக்கிறது என்று சொன்னால் போதும் என்றார். ஊர் நியமித்த காவலர்களில் சிலர் முன்னாள் கள்ளவேட்டைக்காரர்கள். தடம் அவர்களுக்குத்தானே தெரியும். சட்டம் வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பே வேலை நடந்தது. அவரும் மார்கரெட் ஜேக்கப்சனும் 1993-இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது வாங்கினார்கள். அவர் 2020-இல் இறந்தார்.

கரிசல் காட்டான்

விளாத்திகுளம் பக்கம் எங்களுக்கு. கம்பும் உளுந்தும். காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் அரை ஏக்கர் உழுதுவிட்டுப் போய்விடும், எனக்கு ஆப்பிரிக்கா விவசாயி மேல் பாசம் வந்துவிட்டது.

தம்பி, அங்கே சனம் என்ன சாப்பிடும்? வறட்சியில் மாடு செத்தால் தண்ணீர் லாரி வருமா, நிவாரணம் உண்டா? அதையும் எழுதுங்கள். சுடுகிறவன் கதையை மட்டும் எழுதாதீர்கள்.

பம்புக்காரன்

அண்ணே, நீங்கள் இங்கே வந்தால் வீட்டில் இருப்பது போல் இருக்கும். வடக்கே ஓவாம்போ ஊர்களில் பிரதான உணவே கம்புதான். மகாங்கு என்பார்கள். உரலில் குத்தி, மாவாக்கி, கெட்டியாகக் களி கிண்டுவார்கள். கையால் உருட்டித் தொட்டுச் சாப்பிட வேண்டும். முதல் தடவை சாப்பிட்டபோது எங்கள் ஆச்சி ஞாபகம் வந்தது.

2024-இல் மழை பொய்த்துவிட்டது, நூறு வருடத்தில் இப்படி இல்லை என்றார்கள். மக்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு உணவு நெருக்கடி. அப்போதுதான் ஆகஸ்டில் அரசு அந்த அறிவிப்பை வெளியிட்டது, உலகமே கொதித்தது: 723 விலங்குகளைச் சுட்டு இறைச்சியை நிவாரணத்துக்குக் கொடுப்பது. 300 வரிக்குதிரை, 100 ஈலண்ட் மான், 100 வில்டபீஸ்ட், 83 யானை, 60 காட்டெருமை, 50 இம்பாலா, 30 நீர்யானை. சுட்டது ஒப்பந்தம் எடுத்த தொழில்முறை வேட்டைக்காரர்கள். நமீப்-நௌக்ளுஃப்ட், மாங்கெட்டி, ப்வாப்வாட்டா, முடுமு, நகாசா ருபாரா பூங்காக்களில் இருந்து. புல் தீர்ந்த இடத்தில் விலங்கைக் குறைப்பது ஒரு நோக்கம், பசிக்கு இறைச்சி இன்னொன்று.

செய்தியில் எல்லாம் யானை மட்டும்தான். 300 வரிக்குதிரையைப் பற்றி யாருமே அழவில்லை என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

நிலாமதி

வேடிக்கை என்று கடந்துபோக முடியாது. 723 விலங்கின் இறைச்சி அத்தனை பேருக்கு எத்தனை வேளை வரும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். நிவாரணம் என்ற பெயர் வசதியாக இருக்கிறது. யானை எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று முன்பே நினைத்திருந்தார்கள். 2020 டிசம்பரில் 170 யானைகளை ஏலத்துக்குப் போட்டது யார்? அதில் 57-தான் விற்றன, 22 யானை விமானம் ஏறி அமீரகம் போனது. அதற்கும் அப்போது வறட்சியைத்தான் காரணம் சொன்னார்கள்.

மாட்டு டாக்டர்

நான் கால்நடை மருத்துவர். அக்கா சொன்ன கணக்கு சரி, ஒரு நாட்டுப் பசியை 723 விலங்கு தீர்க்காது. ஆனால் வறட்சி முற்றிய பிறகு குறைப்பதைவிட, வறட்சி கண்ணுக்குத் தெரியும்போதே குறைப்பது விலங்குக்கு நல்லது. தாமதமானால் எல்லாம் மெலிந்து, சினைப் பெண்களும் குட்டிகளும் முதலில் போகும். இறைச்சியும் தேறாது. மாட்டில் எங்களுக்குத் தெரிந்த பாடம்தான் இது. ஆனால் விவசாயி கேட்கமாட்டார், அடுத்த வாரம் மழை வரும் என்பார்.

பம்புக்காரன், குடூவுக்கு வெறிநோய் வருமாமே? பாடத்தில் ஒரு வரி படித்திருக்கிறேன்.

பம்புக்காரன்

டாக்டர், ஆமாம். நமீபியாவுக்கே உரிய வினோதம் அது. 1977 வாக்கில் தொடங்கி சில வருடம் குடூக்கள் பல்லாயிரக்கணக்கில் செத்தன, 2000-க்குப் பிறகு மறுபடியும். நாயோ நரியோ கடித்துத்தான் என்றில்லை, குடூவிலிருந்து குடூவுக்கே பரவுகிறது. ஒரே முள்மரத்தில் பல குடூக்கள் தழை தின்னும், வாயில் முள் குத்தும், எச்சில் ஒட்டும் என்று காரணம் சொல்கிறார்கள். நான் ஒரு தடவை பார்த்தேன். பெரிய ஆண் குடூ, கொம்பு இரண்டரை முறுக்கு, ஒரு பண்ணை வீட்டுத் திண்ணையில் வந்து நின்றது. விரட்டினாலும் போகவில்லை, வாயில் நுரை. அந்த வீட்டு அம்மா பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திய வேகம் இருக்கிறதே! காட்டு விலங்கு வீட்டு விலங்கு போல நடந்துகொண்டால் அங்கே எல்லோருக்கும் அடிவயிறு கலங்கும்.

நிலாமதி, யானை ஏலம் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. அதை நான் ஆதரிக்கவில்லை. இன்னொன்றும் நானே சொல்லிவிடுகிறேன். 2019-இல் வூர்ட்ரெக்கர் என்று பேர் வைத்த பாலைவன யானை, உகாப் ஆற்றுப் பக்கத்துப் பெரிய ஆண், "தொல்லை விலங்கு" என்று அறிவிக்கப்பட்டு வேட்டைக்காரருக்கு விற்கப்பட்டது. பக்கத்துக் கன்சர்வன்சிகளே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தன. ஊருக்குள் இன்றைக்கும் அதைப் பற்றி இரண்டு கட்சி. தண்ணீர்க் குழாயை உடைத்தது அதுவா, வேறொரு கூட்டமா என்பதிலேயே ஒத்துப்போகமாட்டார்கள். குழாய் உடைந்ததை மட்டும் யாரும் மறுக்கமாட்டார்கள், அந்த மாதிரி பத்து இடத்தில் நான் குழாய் மாற்றியிருக்கிறேன். யானைக்குத் தண்ணீர் வாசனை மண்ணுக்கடியில் இருந்தாலும் தெரிந்துவிடும் என்பார்கள்.

கேள்விக்குறி

காண்டாமிருகத்தை ஏலம் விட்டது இந்த நாடுதானா? மூன்றரை லட்சம் டாலர் என்று படித்தேன்.

பம்புக்காரன்

இதே நாடுதான். 2014 ஜனவரியில் டல்லாஸில் ஏலம். கோரி நோல்டன் என்பவர் 3,50,000 டாலருக்கு எடுத்தார், 2015 மே மாதம் வந்து சுட்டார். கருப்புக் காண்டாமிருகத்தில் வருடத்துக்கு ஐந்து ஆண்கள் வரை என்று 2004-இல் சைட்டீஸ் (காட்டு உயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) மாநாடு அனுமதித்திருந்தது. இனப்பெருக்கம் முடிந்த, மற்றவற்றைக் குத்திக் கொல்லும் கிழட்டு ஆணாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பணம் வனவிலங்குக்கென்று உள்ள நிதிக்குப் போனது. அந்த மனிதருக்கு வந்த கொலை மிரட்டல்களுக்கு அளவே இல்லை.

வனத்துறை சுந்தரம்

காண்டாமிருகம் விஷயத்தில் என் கேள்வி வேறு. கொம்புக்கு விலை உண்டு என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு, இன்னொரு பக்கம் கொம்பை வெட்டாதே என்று காவல் போடுவது எப்படி? கள்ளவேட்டை நிற்கவில்லையே.

பம்புக்காரன்

நிற்கவில்லை ஐயா. எட்டோஷா தேசியப் பூங்காவுக்குள்ளேயே நடக்கிறது. கன்சர்வன்சிகளில் காவலர் கூலிக்குக் கணிசமான பணம் வேட்டையிலிருந்து வருகிறது என்பதை மட்டும் சொல்வேன். சுற்றுலா விடுதி வரும் இடத்தில் விடுதிக் காசு போதும். ஆனால் எல்லா இடமும் படம் எடுக்கும் இடமா? நியாய் நியாய் என்று கிழக்கே ஒரு கன்சர்வன்சி, ஜூ-ஹோவான்சி சான் பழங்குடி மக்கள். அங்கே போய்ச் சேர மணலில் ஒரு நாள். எந்தச் சுற்றுலாக்காரன் வருவான்? யானை வேட்டைக்கு வருகிறான். இறைச்சி முழுக்க ஊருக்கு, அதோடு வயது வந்த ஒவ்வொருவருக்கும் வருடம் ஒரு தொகை கையில். பெரிய தொகை இல்லை. ஆனால் ஊரில் வேறு யாரும் அவர்களுக்குக் கையில் காசு கொடுத்ததில்லை.

நிலாமதி

இந்த இடத்தில் நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். சான் மக்களிடம் போய் "சுடாதே" என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் காசு எல்லா ஊரிலும் அப்படி இறங்குகிறதா? குழுத் தலைவர் வண்டி வாங்குவது, மாநாட்டுக்குப் போவது, இதெல்லாம் நம் கூட்டுறவுச் சங்கத்தில் பார்க்காததா?

பம்புக்காரன்

பார்த்ததேதான். சில இடங்களில் வருமானத்தில் பெரும்பகுதி அலுவலகம் நடத்தவே போய்விடும். ஆண்டுக் கூட்டத்தில் கிழவிகள் எழுந்து நின்று நாறடிப்பார்கள். எனக்கு மொழி பாதிதான் புரியும், ஆனால் தொனி நம் ஊர்க் கிராம சபையேதான்.

சரி, மறுபடியும் வறட்சிக்கு வருகிறேன், எல்லோரும் வேட்டையிலேயே நின்றுவிட்டோம். வடமேற்கில் 2013-க்குப் பிறகு வறட்சி மேல் வறட்சி. அந்தப் பக்கி எண்ணிக்கையில் ஒரிக்ஸ், ஸ்பிரிங்பொக், மலை வரிக்குதிரை மூன்றும் சரிந்துவிட்டன. கோட்டாவை வெட்டினார்கள், இறைச்சிக்குச் சுடுவதைப் பல இடத்தில் நிறுத்தினார்கள். ஆனால் அதோடு முடிந்ததா? இரை குறைந்ததும் பாலைவனச் சிங்கம் ஆட்டுப்பட்டிக்கு வந்தது. ஒரு ராத்திரியில் ஒரு பட்டி ஆடு முழுக்கப் போகும், சிங்கம் தின்பது இரண்டு, கொல்வது ஐம்பது. ஊர்க்காரன் என்ன செய்வான்? விஷம். "ஐந்து போர்வீரர்கள்" என்று பேர்பெற்ற ஐந்து இளம் ஆண் சிங்கங்கள் இருந்தன. 2016-இல் ஒன்று சுடப்பட்டது, மூன்று ஒரே இடத்தில் விஷம் தின்று செத்தன. அதில் எந்த வெளிநாட்டு வேட்டைக்காரனும் இல்லை.

மழை பொய்க்கும்போது கோட்டா குறைகிறது, கோட்டா குறைந்தால் ஊருக்குக் காசு குறைகிறது, அதே வருடம்தான் சிங்கமும் யானையும் அதிகம் தொல்லை செய்கின்றன. காசு அதிகம் தேவைப்படும் வருடத்தில் காசு இல்லை. வேட்டையை ஆதரிப்பவர்கள் என்னிடம் சண்டைக்கு வருவது இந்த இடத்தில்தான். நல்ல மழையில் ஓடும் வண்டி இது.

கரிசல் காட்டான்

தம்பி, மழை குறைந்தால் எங்கள் பக்கம் முதலில் ஏறுவது சீமைக் கருவேலம். அங்கே என்ன ஏறுகிறது?

பம்புக்காரன்

அண்ணே, சொன்னால் நம்பமாட்டீர்கள், சீமைக் கருவேலமே இருக்கிறது! ஆற்றுப்படுகைகளில். தெற்கே நோசோப், ஔவோப் ஆறுகளில் போய்ப் பாருங்கள், சாயல்குடிச் சாலை மாதிரியே இருக்கும். ஆடு காயைத் தின்னட்டும், நிழல் தரட்டும் என்று வெள்ளைக்காரன் கொண்டுவந்தது.

ஆனால் அதைவிடப் பெரிய தலைவலி இந்த மண்ணிலேயே பிறந்த முள்கள். கருமுள் என்று ஒரு வேல இனம், கொக்கி முள், சட்டையைப் பிடித்தால் விடாது. அப்புறம் விடத்தேரை, ஆமாம், நம் காட்டில் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாக இரட்டைப் பூ தொங்குமே அதே செடி. அதிகம் மேய்த்ததில் புல் போனது, புல் போனதால் தீ வரவில்லை, தீ வராததால் முள் முளைத்து நின்றது. காற்றில் கரியமில வாயு கூடுவது புல்லைவிட மரத்துக்குத்தான் சாதகம் என்றும் சொல்கிறார்கள். மூன்று கோடி ஹெக்டேருக்கு மேல் இப்படிப் புதர் ஏறிவிட்டது. சிவிங்கிப்புலி ஓட இடமில்லை, முள் குத்திக் கண் போன சிவிங்கிகளைப் பிடித்திருக்கிறார்கள்.

வெட்டிக் கரி சுடுகிறார்கள். ஐரோப்பாவில் தோட்டத்தில் இறைச்சி வாட்ட இந்தக் கரிதான் போகிறது. ராமநாதபுரத்து மூட்டம் நினைவுக்கு வரும். அதிலும் ஒரு வினை: 2025 செப்டம்பரில் எட்டோஷாவில் தீப்பிடித்துப் பூங்காவில் மூன்றில் ஒரு பங்கு எரிந்தது. எல்லைக்கு வெளியே ஒரு பண்ணையின் கரி மூட்டத்தில் தொடங்கியிருக்கலாம் என்று பேச்சு. ராணுவம் வந்தது. என் வீட்டு முற்றத்தில், 150 கிலோமீட்டர் தள்ளி, துணி காயப்போட முடியவில்லை.

கேள்விக்குறி

மத்தியப் பிரதேசத்து குனோ பூங்காவுக்கு வந்த சிவிங்கி இந்த ஊர்தானே? அவையும் பண்ணையில் வளர்ந்தவையா?

மாட்டு டாக்டர்

இதற்கு நான் பதில் சொல்கிறேன், கொஞ்சம் படித்திருக்கிறேன். 2022 செப்டம்பர் 17, எட்டு சிவிங்கி, விந்தோக்கிலிருந்து குவாலியர். நமீபியாவில் சிவிங்கிகளில் பெரும்பாலானவை பூங்காவில் இல்லை, பண்ணை நிலத்தில்தான் இருக்கின்றன, ஏனென்றால் பூங்காவில் சிங்கமும் கழுதைப்புலியும் குட்டியைக் கொன்றுவிடும்.

குனோவில் நடந்ததில் எனக்கு மறக்க முடியாதது ரோமம். நமீபியாவுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். இங்கே அந்த மாதங்களில் மழை, புழுக்கம். விலங்கின் உடம்பு பழைய காலண்டரைப் பார்த்துத் தடிமனாக ரோமம் வளர்த்துவிட்டது. கழுத்துப் பட்டைக்கு அடியில் ஈரம், புண், புழு. 2023-இல் சில அப்படியே இறந்தன. அதே வருடம் மே வெயிலில் ஒரு தாயின் நான்கு குட்டிகளில் மூன்று போயின.

பம்புக்காரன்

ஓட்ஜிவாரோங்கோ பக்கத்துச் சிவிங்கி நிலையத்தில் ஒரு தடவை பம்ப் வேலை பார்த்தேன். லாரி மார்க்கர் என்ற அம்மையார் 1990-இல் தொடங்கியது. எனக்குப் பிடித்தது சிவிங்கி இல்லை, நாய்கள். துருக்கியிலிருந்து வந்த அனடோலிய இனம். குட்டியாக இருக்கும்போதே ஆட்டுப்பட்டியில் விட்டுவிடுவார்கள், தானும் ஆடு என்று நினைத்து வளரும். சிவிங்கி வந்தால் குரைத்துக்கொண்டு குறுக்கே நிற்கும். சிவிங்கி சண்டைக்காரன் இல்லை, திரும்பிப் போய்விடும். 1994 முதல் கொடுக்கிறார்கள். ஒரு நாய் ஆட்டையும் காப்பாற்றும், சிவிங்கியையும் காப்பாற்றும்.

இதே நாட்டுக்குத்தான் வருடம் 150 சிவிங்கியை உயிரோடோ கோப்பையாகவோ ஏற்றுமதி செய்ய சைட்டீஸ் கோட்டாவும் இருக்கிறது. இரண்டும் ஒரே ஊரில்.

நிலாமதி

அதைத்தான் சொல்கிறேன். நாய் வேலை செய்கிறது என்றால் 150 எதற்கு?

பம்புக்காரன்

எனக்கும் அந்த 150 சரியாகப் படவில்லை. இதில் உங்கள் பக்கம்.

வனத்துறை சுந்தரம்

ஒரு வழியாக.

நடத்துநர்

இழை நீண்டுவிட்டது, யாரும் யாரையும் திட்டவில்லை என்பது எனக்கே ஆச்சரியம். திறந்தே வைக்கிறேன். உப்புக்கண்டம் போடும் முறை கேட்டுத் தனிமடல் அனுப்பியவர்கள் சமையல் பகுதிக்குப் போகவும்.

பம்புக்காரன்

உப்புக்கண்டத்துக்கு இங்கே பில்டோங் என்று பேர். குடூ இறைச்சியை நார் வாட்டத்தில் கீறி, வினிகரில் புரட்டி, உப்பு, மிளகு, வறுத்துப் பொடித்த கொத்தமல்லி விதை தடவிக் கம்பியில் தொங்கவிடுவார்கள். இந்தக் காற்றுக்கு நாலைந்து நாள் போதும். கொத்தமல்லி மணம் வந்தால் வீட்டு ஞாபகம்.

பம்புக்காரன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், வேலை. நேற்று அந்தக் கிழவர் பண்ணைக்குப் போனேன். அவரிடம் ஒரு மழை நோட்டு உண்டு, தாத்தா காலத்திலிருந்து, முதல் பக்கங்கள் பழைய ஜெர்மன் எழுத்து. கொட்டகை வேலிக்கம்பத்தில் மழைமானி. முந்தின ராத்திரி இடி இடித்தது. காலையில் காபிகூடக் குடிக்காமல் செருப்போடு போய்ப் பார்த்தார். நானும் கூடப் போனேன். கண்ணாடிக் குழாயைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்தார். 11 மில்லிமீட்டர்.

அவருடைய அலைபேசியில் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களின் குழு அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தது. ஒருவருக்கு 4, ஒருவருக்கு 23, சாலைக்கு அந்தப் பக்கம் சுழி. 23 வந்தவருக்கு யாரும் வாழ்த்துச் சொல்லவில்லை.

அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன்: இந்த வருடம் எத்தனை குடூ கொடுப்பீர்கள்? பிப்ரவரி முடிவில் ஒரு ஜெர்மன்காரர் வருவதாக இருந்ததாம், கிழவரே போன மாதம் அவருக்கு எழுதி, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். முன்பணத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார். ஏன் என்றேன். நோட்டில் 11 என்று எழுதி, மூடி வைத்துவிட்டு, "மார்ச்சில் கேள்" என்றார். பிறகு மூன்றாவது தொட்டியின் பம்பை அணைத்துவைக்கச் சொன்னார். அணைத்துவிட்டு வந்தேன்.